லாபண்யப்ரபாவின் ஓட்டு

எங்கள் தொகுதி இப்போது இல்லை. எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். கோபி தத்தா சந்தின் இடது பக்கத்து வீடுகள் ஒரு தொகுதிக்கும் வலது பக்கத்து வீடுகள் இன்னொரு தொகுதிக்கும் போய்விட்டன. எனக்கு ஒரு எம்.பி., எதிர்வீட்டுக்காரருக்கு வேறொரு எம்.பி. ஐம்பத்திரண்டிலிருந்து நடந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் அரசாங்கப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஜெயித்தவர், தோற்றவர், வித்தியாசம், செல்லாத சீட்டுகள். எழுபத்துமூன்று ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்கும் ஒரு வரி உண்டு. அந்தத் தேர்தலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்கத்தாவின் வடக்கில், அந்தச் சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். கீழே பிபூதி அண்ணாவின் குடும்பம். பிபூதி சமாத்தார், டிராம் கண்டக்டர், நாற்பத்தெட்டு வயது. அவர் மனைவி லாபண்யா அண்ணி. ஒரே மகள் ருச்சிரா, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

முதல் தேர்தலிலிருந்தே பிபூதி அண்ணா டாக்டர் ப்ரொதுல் நாகுக்கு பூத் ஏஜென்ட். ஹோமியோபதி டாக்டர், எந்தக் கட்சியும் கிடையாது, குடைச் சின்னம். பார்லிமென்ட் தேர்தல் வந்தால் தவறாமல் நிற்பார், தவறாமல் தோற்பார். ஐம்பத்தேழில் மட்டும் கொஞ்சம் நெருங்கி வந்தார். மற்ற தடவைகளில் டெபாசிட் கூடத் தேறவில்லை. ஆனால் சந்துமுனைப் பள்ளிக்கூடத்து பூத்தில் குடை ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார் என்றால் கள்ள ஓட்டுப் போட வருகிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். இருபது வருஷமாக டிராமில் முகம் பார்த்துச் சீட்டுக் கிழித்த மனுஷர். ஒருவன் வந்து பேர் சொன்னால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார்.

"இவர் மாதவ் நந்தி இல்லீங்க சார். மாதவ் நந்திக்கு இடது காதுல மடல் கிடையாது."

அவ்வளவுதான். வந்தவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

ஐம்பத்திரண்டில் லாபண்யா அண்ணிக்கு ஓட்டு இல்லை. கணக்கெடுக்க வந்தவர்களிடம் மாமியார் மருமகளின் பேரைச் சொல்லவில்லை. அந்நிய ஆம்பளைகளிடம் வீட்டுப் பெண் பேரை எதற்குச் சொல்வது என்று "பிபூதியின் மனைவி" என்று மட்டும் எழுதச் சொன்னாள். பேரில்லாத பெண்களையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அடுத்த தேர்தலுக்குள் பிபூதி அண்ணா மூன்று தடவை ஆபீசுக்கு நடந்து, முழுப் பேரையும் ஏற்றிவிட்டு வந்தார். லாபண்யப்ரபா சமாத்தார், கணவர் பிபூதிபூஷண் சமாத்தார். எழுபத்துமூன்றின் பட்டியலில் அவளுக்கு வரிசை எண் நானூற்றுப் பதினேழு.

எழுபத்தொன்றிலிருந்தே எங்கள் பக்கம் கெட்டுப்போயிருந்தது. விளக்கு வைத்ததும் கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிடுவார்கள். எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் எந்தத் தெரு என்று சரியாகச் சொல்லுமளவுக்குப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். கால்வாய்க் கரையில் யாரையாவது போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். யார் என்று பார்க்கப் போனவனை மறுநாள் தேட வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் எம்.பி. மாரடைப்பில் செத்துப்போனார். இடைத்தேர்தல் வந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால். செவ்வாய்க்கிழமை காலை. கரி அடுப்புப் புகையும் பனியும் கலந்து சந்தே தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். வாளியோடு வாசல் கதவைத் திறந்த லாபண்யா அண்ணி கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"ஷெஃபாலி, கொஞ்சம் இறங்கி வாயேன்."

அவள் அப்படி மெதுவாகக் கூப்பிடுகிறவள் அல்ல. நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன். கதவுத் தாழில் காகிதப் பொட்டலம் ஒன்று தொங்கியது. அண்ணி அதைப் பிரித்து வைத்திருந்தாள். உள்ளே கரையில்லாத வெள்ளைப் புடவை, கடையில் மடித்த மடிப்புக் கலையாமல். மடிப்புக்குள், எங்கள் பக்கத்தில் சுமங்கலிகள் போட்டுக்கொண்டு புருஷன் போனால் உடைக்கிற சங்கு வளையல் ஒன்று, இரண்டாக உடைத்து.

"யாரோ தப்பா வச்சிட்டுப் போயிருப்பாங்க அண்ணி."

அவள் உடைந்த துண்டுகளைச் சேர்த்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். அவள் கையில் கிடந்த வளையலும் அதுவும் ஒரே சுற்றளவு.

"அளவு பாத்து வாங்கியிருக்கான்டி," என்றாள்.

பிபூதி அண்ணா பல்பொடி வாயோடு வந்து பார்த்தார். "உள்ள எடுத்து வை. ருச்சி பாத்துடப் போறா," என்று மட்டும் சொன்னார். பிறகு குழாயடியில் நின்று முகம் கழுவினார். அந்த ஜில்லென்ற தண்ணீரில் எத்தனை நேரம்தான் கழுவினாரோ, வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போடும் வரை கழுவினார்.

அண்ணி குளிர்காலத்தில் உளுந்து வடகம் போட்டு விற்பாள். ஊறவைத்த உளுந்தை அம்மியில் மசிய அரைத்து, பூசணிக்காயைத் துருவிப் பிழிந்து சேர்த்து, கையால் அடிப்பாள். தோள் கழன்றுபோகும் வரை அடிக்க வேண்டும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் அது மிதக்க வேண்டும். பிறகுதான் மொட்டை மாடிக்குக் கொண்டுவருவாள். அன்றைக்கும் மத்தியானம் வந்தாள். அந்த வெள்ளைப் புடவையைக் கஞ்சி போகத் துவைத்து எடுத்து வந்து தரையில் விரித்தாள். அதன்மேல் வடகம் கிள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, அதுலயா?"

"எரிச்சா புகையைப் பாத்து அவனுக்குச் சந்தோஷம். பெட்டியில வச்சா நான் தினம் திறந்து பாப்பேன். வடகமாவது காயட்டும். நல்ல துணி."

பேச்சு திடமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை வைத்தால் ஒவ்வொரு வடகமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒன்று சப்பையாக, ஒன்று கோணலாக, ஒன்று இன்னொன்றின்மேல் வழிந்துபோய்.

புதன்கிழமை சாயங்காலம் ஹாபுல் வந்தான். எங்கள் பேட்டைப் பையன்தான், இருபத்தாறு இருபத்தேழு வயது. தாயில்லாமல் வளர்ந்தவன், சின்ன வயதில் பாதி நாள் அண்ணியின் அடுப்படியில்தான் சாப்பாடு. இப்போது ஆளும் கட்சிக்கு அடியாள், அவன் பின்னால் எப்போதும் நாலு பேர். அந்த நாலு பேர் வாசலில் நிற்க, இவன் மட்டும் குரங்குக் குல்லாயைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். நான் அண்ணியோடு வடகத்தை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உடம்பெல்லாம் எப்படி?"

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை குளிர் பயங்கரமா இருக்குமாம். ரேடியோல சொன்னான். வயசானவங்க வெளிய தலை காட்டக் கூடாதாம்."

"எனக்கு நாப்பத்தெட்டுதான்டா."

"அதைத்தான் நானும் சொல்றேன். இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கு, பாருங்க."

அண்ணி டப்பா மூடியை அழுத்தினாள். "ஏண்டா ஹாபுல், எந்தக் கடையில எடுத்த?"

"எதை அண்ணி?"

"துணியை. வடகம் கொஞ்சங்கூட ஒட்டலடா. கடை பேர் சொல்லு, இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டுக்கறேன்."

ஹாபுல் சிரித்தான். நிஜமாகவே சிரிப்பு வந்தவன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்க வாய் இருக்கே அண்ணி! நான் உங்க கையால சாப்பிட்டவன், என்னைப் போய்..." எழுந்து குல்லாயை மாட்டினான். "ருச்சிக்குப் பரீட்சை வருதில்ல? டியூஷன் முடிஞ்சு கால்வாய்ப் பக்கமாத்தானே வர்றா? வெளிச்சமே இல்லாத பாதை. யாராவது கூடப் போங்க."

 அவன் போன பிறகும் அண்ணி அந்த டப்பா மூடியையே அழுத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் ருச்சிராவை ராணாகாட்டில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டாள். பரீட்சைக்கு அங்கிருந்தே படிக்கட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பிபூதி அண்ணா டிராம் வேலைக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். செத்தவர்களுக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பது அவர் வழக்கம். அந்த வருஷம் புள்ளிகள் ஜாஸ்தி. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணி மேலே வந்தாள்.

"நீங்க போகப் போறதில்ல."

"ஏஜென்ட் பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சு."

"கிழிச்சுப் போடுங்க. ஜென்மத்துல ஜெயிக்காத ஒரு டாக்டருக்காக உயிரை விடணுமா? அந்த ஆளு ஜெயிச்சு என்னத்தைப் பண்ணப் போறாரு, பார்லிமென்ட்டுக்கே மருந்து மாத்திரை குடுக்கப் போறாரா?"

"டாக்டருக்காக இல்ல."

"பின்ன யாருக்காக?"

அவர் பட்டியலில் விரலை வைத்தார். "இதுல இருக்கறவங்களை எனக்குத் தெரியும். ஒருத்தன் வந்து நான்தான் அவன்னு சொல்றப்ப, இல்லன்னு சொல்ல அங்க ஒரு ஆள் வேணாமா?"

"அந்த ஆள் நீங்களா இருக்கணுமா?"

"வேற யாருக்கும் முகம் தெரியாதே, என்ன பண்ண?" என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "எனக்கு மட்டும் பயமில்லன்னு நினைச்சியா? போகாம இருந்துட்டா அப்புறம் தெருவுல எப்படி நடக்கறது, அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

அண்ணி அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் குங்குமக் கோட்டின்மேல் வைத்தாள்.

"போங்க. உட்காருங்க. ஆனா வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லுங்க. எவன் வந்து எந்தப் பேரைச் சொன்னாலும் சரி. என் தலைமேல சொல்லுங்க."

"ஏன் இப்படிப் படுத்தற?"

"சொல்லுங்க."

"வாயைத் திறக்கல," என்றார். அவள் கையை விட்டாள். அவர் உள்ளங்கையில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கத் தோன்றாமல் பட்டியலை எடுத்தார். தாளில் சிவப்பாகப் படிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் பத்தரை மணிக்கு பூத்துக்குப் போனோம். ஆண்கள் வரிசையில் முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் ஜாஸ்தி. பெண்கள் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களும் யாரோ. வெளியே ஒரு லாரி நின்றது. பேச்சே இல்லை. ஒரு தேர்தலன்றைக்கு அவ்வளவு அமைதியான வரிசையை நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் இரண்டு பேர் ஆலமரத்தடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நாலைந்து பேர் நுழைந்ததில் அண்ணி எனக்குப் பின்னால் தாழ்வாரத்துக்குத் தள்ளிப்போனாள். நான் வகுப்பறை வாசலுக்குள் இருந்தேன். பிபூதி அண்ணா ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பட்டியல். ஒவ்வொரு பேரையும் அதிகாரி சத்தமாக வாசிக்க, அண்ணா நிமிர்ந்து பார்ப்பார், குனிவார், பென்சிலால் ஒரு கோடு. வாய் மூடியபடியே. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஹாபுல் சாய்ந்து நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். காலடியில் ஒரு சாக்குப்பை.

எனக்கு முன்னால் அரக்குச் சால்வை போர்த்திய ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கையில் இருந்த துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"நானூத்திப் பதினேழு," என்று அதிகாரி வாசித்தார். "லாபண்யப்ரபா சமாத்தார். கணவர் பிபூதிபூஷண் சமாத்தார்."

பென்சில் நின்றது. அண்ணா நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தாள். மை வைப்பதற்காக நீட்டிய கை கிடுகிடுவென்று ஆடியது.

"ஏஜென்ட்டுங்க யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் தலைமை அதிகாரி. ஏதோ வெளியூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தார். காலையிலிருந்து அதே கேள்வியை மேஜையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

ஹாபுல் ஒரு சுளையை வாயில் போட்டான்.

அண்ணா பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குத் தெரியும், அது லாபண்யா அண்ணி இல்லை என்று. என்னை யாரும் கேட்கவில்லையே என்று அந்த நிமிஷத்தில் நான் நிம்மதிப்பட்டேன். இன்றைக்கு வரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். நானும் போட்டேன். வெளியே போகாமல் வாசலில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். அண்ணியைத் தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பார்த்தால், அதற்குள் அவள் மேஜையருகே போய்விட்டாள்.

"நானூத்திப் பதினேழு விழுந்தாச்சேம்மா. கோடு போட்டிருக்கு."

"விழுந்தாச்சா? யார் போட்டா?"

"நீங்கதான்."

"நானா?" அண்ணிக்குக் கோபம் ஏறியது. "நான் இப்பத்தானே வர்றேன்? பேரை வாசிக்கறப்ப யாரும் கேக்கலியா? இங்க உக்காந்திருக்கற..." என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அண்ணாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஹாபுலைப் பார்த்தாள். பழத்தோலைக் கீழே போட்டுவிட்டு அவன் நிமிர்ந்து நின்றான். அவ்வளவு போதும், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவள்தான் லாபண்யா என்று அண்ணா இப்போது ஒப்புக்கொண்டால், முன்னால் வந்தவள் பொய் என்று அர்த்தம்; ஹாபுல் சும்மா விடமாட்டான். அண்ணி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"நான்தான் தப்பா வந்துட்டேன் போலிருக்கு," என்றாள். "நான் அவங்க இல்ல."

"அவங்க இல்லியா? பின்ன நீங்க யாரு?"

"யாரோ. அடுத்த தெரு. எனக்கு இந்த பூத்தே இல்ல."

"அப்ப நகருங்கம்மா, நகருங்க," என்றார் அதிகாரி. அவர் குரலில் உயிர் வந்தது.

அண்ணி திரும்பி இரண்டடி வைத்தாள். பெஞ்சு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"நில்லு, லாபண்யா."

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். நாலு பேருக்கு முன்னால் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

"இவங்கதான் லாபண்யப்ரபா. என் பெண்டாட்டி. இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது என் தப்பு. எழுதிக்குங்க சார்." குரல் டிராமில் நிறுத்தம் சொல்லும் குரலாக இருந்தது. "காலையிலேர்ந்து அறுபத்திரண்டு பேர். இருநூத்தி ஒம்பது, ககேன் பால், செத்து மூணு வருஷம். இருநூத்திப் பதினாறு, அவர் மகன், பம்பாய்ல இருக்கான். இருநூத்தி நாப்பது, ஆஷாலதா குண்டு, படுத்த படுக்கை..."

வாசித்துக்கொண்டே போனார். வரிசையில் இருந்த முகம் தெரியாத பெண்கள் மெல்ல மெல்ல வெளியே நழுவினார்கள். தலைமை அதிகாரி பாரத்தை எடுத்தார். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போனவர்களுக்கு என்று தனிச்சீட்டு ஒன்று உண்டு. அது பெட்டிக்குள் போகாது. தனி உறையில் போட்டு ஒட்டி வைப்பார்கள், எண்ண மாட்டார்கள். அண்ணி அதில் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தாள். எங்கே குத்தினாள் என்று நான் பிற்பாடும் கேட்டதில்லை.

அதற்குமேல் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. தாழ்வாரத்தில் குண்டு வெடித்தது. புகை. யாரோ பெஞ்சுக் காலைப் பிடுங்கினார்கள். அண்ணா பட்டியலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். பட்டியலைப் பிடித்திருந்த வலது கையிலேயே அடித்தார்கள். "போதும், போதும்டா" என்று கத்தியது ஹாபுலின் குரல்தான் என்று அண்ணி சொல்வாள். எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அவரை இழுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்தோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வலது கையில் மூன்று விரல் முறிந்திருந்தது. வீட்டுக்குப் போக வேண்டாம், வாசலில் ஆள் நிற்கிறான் என்று பால்காரர் வந்து சொன்னார்.

சாயங்காலம் சியால்தாவில் ராணாகாட் வண்டியில் ஏற்றிவிடப் போனேன். வண்டி கிளம்பும் வரை உள்ளே உட்கார்ந்திருந்தேன். அண்ணி கட்டிய புடவையோடு இருந்தாள். பெட்டிக்குள் யார் ஏறினாலும் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"என் தலைமேல கை வச்சு சொன்னீங்க," என்றாள் அண்ணி.

"ம்."

"நான் செத்துப்போனா என்ன பண்ணுவீங்க?"

அண்ணா மாவுக்கட்டைப் பார்த்தபடி யோசித்தார். "நீதான் நீ இல்லன்னு சொல்லிட்டியே. அப்பவே சத்தியம் போயிடுச்சு."

அண்ணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சியால்தாவிலிருந்து வண்டி நகரும் வரை அழுதாள்.

டாக்டருக்குத் தொகுதி முழுவதிலும் கிடைத்தது ஆயிரத்துச் சொச்சம். டெபாசிட் போயிற்று. அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். பிபூதி அண்ணாவின் விரல்கள் கோணலாகக் கூடின. டிக்கெட் கிழிக்க முடியவில்லை. ராணாகாட்டிலிருந்து தினம் ரயிலில் வந்து டிப்போவில் பதிவேடு பார்த்தார். ஆனால் எங்கள் சந்துக்குள் கால் வைக்கவில்லை. நான்தான் மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் வீட்டைத் திறந்து பெருக்கிவைத்தேன். அப்படி நாலரை வருஷம். ஆட்சி மாறிய பிறகு, எழுபத்தேழு துர்க்கா பூஜைக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். வாக்காளர் பட்டியலில் இரண்டு பேர் பேரும் அடிபட்டிருந்தது. குடிபெயர்ந்தவர்கள். அண்ணி தானே ஆபீசுக்குப் போய்ப் பாரம் எழுதிக் கொடுத்தாள்.

எண்பது ஜனவரியில் அடுத்த பார்லிமென்ட் தேர்தல். அதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலை வேளையில் ஹாபுல் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் வேறு கொடி. பின்னால் அதே மாதிரி நாலு பேர். நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணி, இந்தத் தடவை உங்க ஓட்டு நமக்குத்தான்," என்று கும்பிட்டான். "பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அப்ப காலம் அப்படி."

"வச்சுக்கல," என்றாள் அண்ணி. கையெல்லாம் உளுந்து மாவு. "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அன்னைக்கு என் பேர்ல வந்தாளே ஒருத்தி, சால்வை போத்திக்கிட்டு. யார் அவ?"

ஹாபுலின் சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் இருந்த நாலு பேரில் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"கை நடுங்கிச்சாம். ஷெஃபாலி பாத்திருக்கா. அவ பேர் என்ன?"

"பேரா?" நிஜமாகவே யோசித்தான். "தெரியல அண்ணி. எங்கிருந்தோ லாரில ஏத்திட்டு வந்தாங்க. பேரெல்லாம் யார் கேட்டா? சீட்டுல இருந்த பேரைச் சொல்லிக் குடுத்தோம்." குல்லாயை மாட்டிக்கொண்டான். போகும்போது கும்பிடவில்லை. வாசலில் நின்று எங்கள் கதவையும் ஜன்னலையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனான்.

பிபூதி அண்ணா எழுந்து போய்க் கோணல் விரல்களால் தாழைப் போட்டார். போட்டதை இழுத்துப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். அடுத்த வாசலில் அவர்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. 

"நீ அதைக் கேட்டிருக்க வேணாம்," என்றார் அண்ணா.

"கேட்டாச்சு," என்றாள் அண்ணி.